டீப்பாய்க்கு ஒரு போர்வை

நூல் பையோடு ஏறுகிற பெண்ணிடம் சென்னை ஆட்டோக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னாமா, ஊட்டியா?" பாண்டி பஜாரிலிருந்து அடையாறு வரைக்கும் நானும் பொறுமையாக விளக்கிப் பார்த்திருக்கிறேன். இது கம்பளி இல்லை, பருத்தி நூல், உடம்பைச் சுடாது, இதில் பை பின்னலாம், தொப்பி பின்னலாம், ஜன்னலுக்குத் திரை பின்னலாம் என்று. அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்ப்பார். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இப்போதெல்லாம் "ஆமாம், ஊட்டிதான்" என்று சொல்லிவிடுகிறேன். வாய் வலியாவது மிச்சம்.

எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது வேலை செய்கிற இடத்தில். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை என்னுடையது. உள்ளே மெஷின் கொய்ங் என்று கத்தும்போது வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் எதையாவது நிதானமாகச் செய்துகொண்டிருந்தால் அவர்களுக்கும் தைரியம் வரும் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் குரோஷா ஊசியை எடுத்தேன். ஒரே ஊசி, முனையில் கொக்கி, ஒரு உருண்டை நூல், அவ்வளவுதான் முதலீடு. ஒரு மாதத்தில் நோயாளி கூப்பிடுவது காதில் விழாத அளவுக்கு ஆகிவிட்டேன். டாக்டர் தன் யோசனையை நினைத்து வருத்தப்பட்டார்.

கூட்டாளிகள் கிடைத்தது தி.நகரில், நூல் விற்கிற ஒரு சந்துக் கடையில். மாம்பழ மஞ்சளில் கடைசி உருண்டை ஒன்று தட்டில் இருந்தது. நான் கை வைத்தேன். என் கை மேல் இன்னொரு கை. அதன் மேல் இன்னொன்று. நாலாவது கை அடியிலிருந்து உருண்டையையே பிடித்திருந்தது. நான்தான் முதலில் எடுத்தேன் என்று ஆரம்பித்தேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. கடைக்காரர் சாப்பிடப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். கடைசியில், எங்களில் சின்னவள், அடியிலிருந்து பிடித்திருந்தவள், அதை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றாள். பக்கத்து ஓட்டலில் காப்பி சொல்லிவிட்டு அங்கேயே உருண்டையைப் பிரித்தோம். சர்வரின் காலில் நூல் சுற்றிக்கொண்டது. அவர் இரண்டு மேஜை தாண்டிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நாலு பேரும் நாற்பது வருஷச் சிநேகிதிகள் மாதிரி ஆகிவிட்டோம்.

ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே போனில் நம்பரைப் பதிந்துகொண்டோம், அவரவர் ஏரியாவைப் போட்டு. பிறகு பெயர் தெரிந்தும் அதை மாற்றவில்லை. சாந்தோம் என்றால் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தெருவில் பரம்பரை பரம்பரையாக இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். கன்னியாஸ்திரிகளிடம் குரோஷா கற்றவர். மயிலாப்பூர் என்றால் மாட வீதி மாமி. இரண்டு ஊசி நிட்டிங்கும் ஒற்றை ஊசி குரோஷாவும் கைவந்தவர். பின்னுகிற வேகத்திலேயே பேசுவார். தி.நகர் எங்களில் சின்னவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். கை சுத்தத்தில் எங்கள் மூன்று பேரையும் தூக்கிச் சாப்பிடுவாள். நான் அடையாறு. "மயிலாப்பூருக்கு ரெண்டு நாளா வீக்கம்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர், மெட்ரோ தோண்டுவதாலா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டு ஹாலில் கூடுவோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் வாரத்தின் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டேன். பின்னுவதில் தப்பு வந்தால் பிரித்துவிடலாம், வேறு எதில் அந்த வசதி இருக்கிறது? நான் ஒரு தடவை பூனைக்கென்று பின்னிய ஸ்வெட்டரை மயிலாப்பூர் தூக்கிப் பார்த்து, "ஏண்டி, பூனைக்கு அஞ்சு காலா?" என்றார். எண்ணிப் பார்த்தால் அஞ்சுதான்.

இந்தக் கும்மாளத்தில் தி.நகர் மட்டும் ஒரு கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து வயிற்றில் உண்டானது. சந்தோஷத்தில் காலுறை பின்னினாள், கட்டை விரல் உயரத்துக்கு ஒரு ஜோடி. கரு நிற்கவில்லை. அடுத்த தடவை தொப்பி. தொப்பியின் கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வேறு காரணம் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வருவாள், வெறும் கையோடு உட்கார்ந்து எங்கள் தப்புகளைத் திருத்துவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"யக்கா, அஞ்சு மாசம் ஆச்சு. யாரும் எதுவும் பின்னிராதீய. ஒரு கண்ணிகூடப் போட்டிராதீய."

நாங்கள் மூன்று பேரும் மடியிலிருந்த வேலையைச் சட்டென்று கீழே வைத்தோம். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது, அதே சமயம் அந்தத் தொப்பியும் நினைவுக்கு வந்தது. அவள் சொல்லாவிட்டாலும் பிறக்கும் முன்னே பிள்ளைக்கு எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு, சாந்தோம் வீட்டில்கூட. சரி, ஒன்றும் செய்யமாட்டோம் என்று ஒப்புக்கொண்டோம். மயிலாப்பூர் மாமி கற்பகாம்பாளுக்கு ஒரு புடவையும் சாந்தோம் டீச்சர் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொண்டார்கள். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

சும்மா இருக்கிற கை எங்களுக்கு இல்லை. அடுத்த வாரமே நானும் சாந்தோமும் அதே சந்துக் கடையில் நின்றோம். புதுச்சரக்கு வந்திருந்தது. பிள்ளைகளுக்கென்றே வருகிற பால் நூல், அவ்வளவு மெத்து, எலுமிச்சை மஞ்சள். நான் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கீழே வைக்க மனசு வரவில்லை. யாருக்கு என்று சாந்தோம் ஒரு மாதிரிக் குரலில் கேட்டார்.

"டீப்பாய்க்கு."

ஏன் அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் டீப்பாயே கிடையாது. காலில் இடிக்கிறது என்று போன தீபாவளிக்குத் தூக்கிப் போட்டாயிற்று. சாந்தோம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கை நீட்டி வெள்ளையில் இரண்டு உருண்டை எடுத்துக்கொண்டு, தன் வீட்டு டீப்பாயும் வெறுமனேதான் கிடக்கிறது என்றார். வீட்டுக்குப் போய் மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே, எங்காத்து டீப்பாய் மட்டும் என்ன பாவம் பண்ணித்து என்று சண்டைக்கு வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வாயில் வேறு வார்த்தை இல்லை. தி.நகர் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து அதற்கு டீப்பாய் என்றே பெயர் வைத்தோம். டீப்பாய் ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். டீப்பாய்க்கு மாங்காய் ஆகிறதாம், மல்லி வாசனை ஆகவில்லையாம். டீப்பாய் நேற்று ராத்திரியெல்லாம் உதைத்ததாம். என் போனை எதேச்சையாகப் பார்த்த வீட்டுக்காரர், ஹாலில் டீப்பாய் இருந்த இடத்தைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். சாந்தோமுக்குத்தான் ஒரு தர்மசங்கடம். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும், அந்தச் சாமியார் அவரிடம் கணக்குப் படித்த பையன். அதனால் முதல் சதுரம் பின்னியதும் அதை நிஜமாகவே தன் வீட்டு டீப்பாய் மேல் விரித்து, மேலே ஒரு காப்பிக் கோப்பையை ஒரு தடவை வைத்து எடுத்திருக்கிறார். இப்போது பொய்யில்லை என்றார்.

ஆளுக்குக் கொஞ்சம் சதுரங்களாகப் பின்னுவது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. இதுதான் திட்டம். நான் யூடியூப் பார்த்துக் கற்றவள். அதில் பார்த்த மாதிரியைக் குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினேன்: மூன்று டபுள், ஒரு செயின், மறுபடி மூன்று டபுள். எளிமையானது, குழந்தைகூடப் பின்னும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, தி.நகர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மூவரும் என் வீட்டில் கூடி, சதுரங்களைத் தரையில் பரப்பினோம். என்னுடையது ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. சாந்தோமுடையது டபரா அளவு. கண்ணி எண்ணிக்கை ஒன்று, வரிசை ஒன்று, அளவு மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. மயிலாப்பூருடையதில் பாதி தட்டு, பாதி டபரா.

விசாரித்ததில் குற்றவாளி டபுள் என்ற வார்த்தை. நான் பார்க்கிற வீடியோ எல்லாம் அமெரிக்காக்காரி போடுவது. அவளுக்கு டபுள் என்றால் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிற உயரமான கண்ணி. சாந்தோமுக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் இங்கிலாந்து வழி. அவர்களுக்கு டபுள் என்றால் சுற்றாமல் போடுகிற குட்டைக் கண்ணி. ஒரே பெயர், இரண்டு சாமான். மயிலாப்பூர் பாதி வரைக்கும் என் பேச்சைக் கேட்டுப் பின்னிவிட்டு, சந்தேகம் வந்து சாந்தோமுக்குப் போன் போட்டுத் தெளிவு பெற்றிருக்கிறார்.

பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாகக் கோயில் பீடத் துணிக்கே அதைத்தான் டபுள் என்று போட்டிருக்கிறேன், நேற்று வந்த யூடியூப் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றார் சாந்தோம். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாச்சு, அவன் டபுளும் கூடவே போய்விட்டது என்றேன் நான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிண்டு என் மானம் போச்சு என்று மயிலாப்பூர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேச்சு சூடாக இருந்ததில் லிஃப்ட் சத்தம் காதில் விழவில்லை. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தி.நகர். அவள் வீட்டு ஜவுளிக்கடைக் கார் இந்தப் பக்கம் வந்ததாம், சீக்கிரமே ஏறி வந்துவிட்டாளாம்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மயிலாப்பூர் அத்தனை சதுரத்தையும் வாரிச் சோபாவில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலிக்காரர் அவ்வளவு வேகமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைச் சுற்றி நாலு பக்கமும் மஞ்சளும் வெள்ளையும் பிதுங்கி நின்றது. தி.நகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எதிரே உட்கார்ந்தாள். அது என்ன மாமி என்று கேட்டாள். மயிலாப்பூர் வாயே திறக்கவில்லை, அதுவும் நான் பார்த்ததில்லை. டீப்பாய்த் துணி என்று நான் சொன்னேன்.

அவள் கை நீட்டி, பிதுங்கியிருந்த இரண்டு ஓரங்களை உருவினாள். ஒன்று தட்டு, ஒன்று டபரா. தொழில் தெரிந்தவள், கண்ணில் தப்புப் பட்டால் அவளுக்குப் பொறுக்காது. சின்னதைச் சுற்றி இரண்டு வரிசை ஓட்டிவிட்டால் பெரியதோடு ஒத்துப் போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். டீப்பாய் எங்கே, எவ்வளவு நீளம் என்று கேட்டாள்.

அவசரத்தில் என் வாயிலிருந்து ஒரு பதில் விழுந்தது.

"இப்போ சின்னதுதான். வளரும்."

அவள் என்னைப் பார்த்தாள். மயிலாப்பூரைப் பார்த்தாள். கடைசியில் சாந்தோமிடம் திரும்பினாள். யாரிடம் கேட்டால் உண்மை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"டீச்சர், அந்த டீப்பாய்க்குக் கால் எத்தன?"

சாந்தோம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ரெண்டும்மா."

போச்சு என்று நினைத்தேன். கையில் இருந்த நட்பைப் போட்டு உடைத்துவிட்டோம். இனி அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் எங்கள் முகத்தில் எப்படி விழிப்பாள், நாங்கள் அவள் முகத்தில் எப்படி விழிப்பது. தி.நகரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு காலு, வளருமாம், வளருமாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வயிறு குலுங்கக் கூடாதுடி என்று மயிலாப்பூர் கெஞ்சினார், அப்படிக் கெஞ்சிக்கொண்டே அவரும் சிரித்தார். சாந்தோம் கண்ணைத் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கு யக்கா. போன தடவ முடிச்ச அன்னைக்குத்தான் போச்சு."

சமாதானமாக எதையாவது சொன்னால் பொய்யாக இருக்கும். மயிலாப்பூர்தான் சதுரங்களின் மேலிருந்து எழுந்து, ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிசெய்துகொண்டே, நீதிபதி மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"முடிச்ச அன்னிக்குத்தானே? அப்போ முடிக்காம இருந்துண்டா போறது. முடிக்காத வரைக்கும் அது ஒரு பொருளே இல்லை. வெறும் நூல்."

தி.நகர் யோசித்தாள். சாஸ்திரப்படி அதில் ஓட்டை எதுவும் இல்லை. கைப்பையைத் திறந்தாள். அடியில், கைக்குட்டையில் சுற்றி, அவளுடைய ஊசி இருந்தது. தொடமாட்டேன் என்றவள் அத்தனை நாளும் அதைக் கூடவே எடுத்து வந்திருக்கிறாள். முதல் சின்னச் சதுரத்தைக் கையில் எடுத்துச் சுற்றி ஓட்ட ஆரம்பித்தாள். அப்படி ஒரு ஓட்டம், நாங்கள் எங்கள் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது சுலபமாக இருந்தது. அதன் விளைவு இரண்டாவது வாரம்தான் புரிந்தது. எல்லாச் சதுரங்களையும் சேர்த்தாயிற்று, நிறுத்தினால் முடிந்ததாகிவிடும். அதனால் ஓரம் ஓட்டினோம். ஓரம் முடிந்துவிடும் போலிருந்தது. உடனே இன்னொரு ஓரம். ஊசியைக் கண்ணியிலிருந்து எடுக்கவே இல்லை, நூலை அறுக்கவே இல்லை. ஒரு உருண்டை தீரும் முன்னே அடுத்த உருண்டையை முடிந்து சேர்த்துவிடுவோம். எலுமிச்சை மஞ்சள் கடையில் தீர்ந்தது. ரோஸ் வாங்கினோம், பிறகு கிளிப்பச்சை, பிறகு கிடைத்த நிறமெல்லாம். ஆறாம் மாதம் முடிவில் அது சோபாவை மூடியது. ஏழாம் மாதம் கட்டிலை மூடியது. நாலு பேரும் நாலு மூலையில் உட்கார்ந்து மடியில் ஒவ்வொரு ஓரத்தைப் போட்டுக்கொண்டால் நடுவில் ஒரு ஆள் படுத்துப் புரளலாம். உங்கள் டீப்பாய் யானை அளவு இருக்குமோ என்று நூல் கடைக்காரர் கேட்டாராம்.

முடிந்தது என்ற சொல்லே எங்கள் ஹாலில் தடை. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். முடிந்துவிட்டது என்று சொன்னால் மயிலாப்பூர் தொடையில் கிள்ளுவார். பரீட்சை முடிந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைச் சொல்ல வாயெடுத்தபோது நான் அவளுக்கு லட்டு கொடுத்து வாயை அடைத்தேன். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "கேஸ் நிறைவடைந்துவிட்டது" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை தி.நகர் வரவில்லை. எட்டாம் மாதம். காலையில் ரத்த அழுத்தம் ஏறிக் கண் இருட்டியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். பார்க்க வர வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள் என்றார். மயிலாப்பூரும் சாந்தோமும் அவரவர் வீட்டில் இருக்க முடியாமல் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பின்னினோம். எனக்கு ஒரே வெறி, நிறுத்தினால் கெட்டது நடந்துவிடும் என்று. படித்தவள்தான், கிளினிக்கில் வேலை பார்க்கிறவள்தான், என்ன பிரயோஜனம். மத்தியானச் சாப்பாடு இல்லை, காப்பி இல்லை. சாந்தோம் உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே கண்ணி போட்டார், மயிலாப்பூர் உதட்டுக்குள் கவசம் சொல்லிக்கொண்டே வாங்கி அடுத்த கண்ணி போட்டார். நூலை மாற்றக்கூட எழுந்திருக்காமல் கைக்குக் கிடைத்த சாம்பல் நிறத்தைச் சேர்த்தோம். அன்று போட்ட வரிசைகள் அவ்வளவு இறுக்கம், ஊசி நுழையாமல் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

சாயங்காலம் போன் வந்தது. நான் எடுக்கப் பயந்து சாந்தோமிடம் நீட்டினேன். அவர் ம், ம் என்று கேட்டார். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை, நாள் முந்தி வந்ததால் எடை குறைச்சல், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், தாய்க்கு ஆபத்து இல்லை. பிள்ளைக்கு என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்கள் என்றார். நாங்கள் மறுபடி ஊசியை எடுத்தோம்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்தச் சின்ன உருவம் வெளியே வர வெகு நாளாயிற்று. வெளியே வந்த பிறகும் தி.நகர் மாமியார், பேர் வைக்கிற வரைக்கும் புதுத்துணி உடம்பில் படக் கூடாது, பழைய வேட்டித் துணிதான் என்று கறாராக இருந்தார். எங்களுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. முடிக்காமல் இருக்க இன்னொரு சாக்கு. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. சென்னையின் மிகச் சின்னக் குழந்தைக்குச் சென்னையின் மிகப் பெரிய போர்வை.

பேர் வைக்கிற நாளன்று அதை இரண்டு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு மூவரும் தி.நகருக்குப் போனோம். ஒரே போர்வைதான், இரண்டு பையிலுமாக; ஆகவே நானும் மயிலாப்பூரும் ஒட்டிப்பிறந்தவர்கள் மாதிரி படியேற வேண்டியிருந்தது. வீடு முழுக்கப் பட்டுப் புடவைகள், ஜவ்வாது வாசனை, ஊரிலிருந்து வந்த சனங்கள். எங்களைப் பார்த்ததும் தி.நகர் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றியில் முகத்துக்குப் பெரிசாக ஒரு மைப்பொட்டு. நான் எட்டிப் பார்த்தேன். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று முதலில் பார்த்தேன், அழகை அப்புறம் பார்த்தேன்.

தி.நகர் போர்வையைக் கட்டிலில் விரித்தாள். அது கட்டிலைத் தாண்டித் தரையில் வழிந்தது. கடைசிக் கண்ணியில் ஊசி செருகியபடி, ஊசியிலிருந்து நூல், நூலின் முனையில் உருண்டை. அவள் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். மஞ்சள், ரோஸ், பச்சை. சாம்பல் வந்ததும் கை நின்றது. நகத்தால் தட்டிப் பார்த்தாள். இது என்ன இரும்பு மாதிரி இருக்கிறது, எப்போது போட்டது என்று கேட்டாள். நானும் மயிலாப்பூரும் ஜன்னலைப் பார்த்தோம்.

சாந்தோம் சொல்லிவிட்டார், நீ ஆஸ்பத்திரியில் இருந்த சனிக்கிழமையில் என்று.

அவள் அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பிரித்துவிட்டு வேறு நிறத்தில் மெத்தென்று போட்டுவிடலாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

மாமியார் கதவைத் திறந்து தலையை நீட்டினார். இலை போட்டாயிற்று, வாருங்கள் என்றார். கட்டிலில் கிடந்ததைப் பார்த்து, இத்தனை மாசமா இதைத்தானே பின்னுனீய, முடிஞ்சிட்டா என்று கேட்டார்.

"இல்லை" என்றோம் மூன்று பேரும், ஒரே மூச்சில்.

தி.நகர் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஊசியைக் கண்ணியிலிருந்து உருவினாள். நூலை அதற்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டாள். குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

"முடிஞ்சிட்டு அத்த."

உருண்டை கட்டிலிலிருந்து விழுந்து கதவு வரைக்கும் ஓடியது. எங்களில் ஒருவரும் அதை எடுக்க எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை மூக்கைச் சுளித்தாள். வாயை இரண்டு தடவை சப்பினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கினாள்.

"வாங்க யக்கா, சோறு ஆறுது" என்றாள் தி.நகர்.